முகத்தில் மாட்டும் கருவியின் சாவி யாரிடம்?

2021 அக்டோபரில் வந்த ஒரு செய்தி பெரிதாக யார் கண்ணிலும் படவில்லை. முகத்தில் மாட்டி மெய்நிகர் காட்சிகளைப் பார்க்கும் ஆக்குலஸ் கோ என்ற ஹெட்செட்டின் மென்பொருள் பூட்டை, அதன் தயாரிப்பாளர்களான ஃபேஸ்புக் (இன்றைய மெட்டா) நிறுவனத்தாரே திறந்துவிட்டார்கள். 2018 மே மாதம் 199 டாலருக்கு விற்பனைக்கு வந்து, 2020-இல் விற்பனை நிறுத்தப்பட்ட கருவி அது. இனி அதன் உள்ளே முழு உரிமையோடு நுழையலாம், வேண்டியதை நிறுவலாம், வேண்டாததை அகற்றலாம் என்று ஒரு தனி மென்பொருளை வெளியிட்டார்கள். இதற்காக நிறுவனத்துக்குள் பல ஆண்டுகள் வாதாடியவர், ஆக்குலஸின் தொழில்நுட்பத் தலைவராக இருந்த ஜான் கார்மாக். அவர் சொன்ன காரணம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது: இருபது ஆண்டுகள் கழித்து, உறை பிரிக்காத ஒரு ஹெட்செட் யாருக்காவது கிடைத்தால், அந்த நேரத்தில் நிறுவனத்தின் சர்வர்கள் எல்லாம் மூடப்பட்டிருந்தாலும், அவரால் அதைக் கடைசிப் பதிப்பு மென்பொருள் வரை கொண்டுவந்து பயன்படுத்த முடிய வேண்டும்.

தொழிற்சாலைகளுக்கான பாதுகாப்புப் பயிற்சிகளை மெய்நிகர் காட்சிகளாக உருவாக்குவது என் வேலை. கொதிகலன் அறையில் வால்வு வெடிப்பதை யாருக்கும் ஒரு கீறல்கூட விழாமல் திரும்பத் திரும்பக் காட்ட முடியும் என்பதால் இந்தத் தொழில்நுட்பத்தின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. மதிப்பு இருப்பதால்தான் கோபமும் வருகிறது. பொறுப்பான, நீடித்த மெய்நிகர் தொழில்நுட்பம் பற்றிப் பேச உட்காருகிறவர்கள் வழக்கமாக இரண்டு கட்சியாகப் பிரிந்துகொள்கிறார்கள். ஒரு சாரார் கரிம உமிழ்வு, மின்கழிவு என்று பேசுவார்கள். மற்றவர்கள் தனியுரிமை, குழந்தைகள், துன்புறுத்தல் என்பார்கள். ஒருவர் பேச்சு மற்றவர் காதில் விழுவதே இல்லை. என்னைக் கேட்டால் இரண்டு பிரச்சினைக்கும் வேர் ஒன்றுதான். காசு கொடுத்து வாங்கிய பிறகும் அந்தக் கருவியின் சாவி யாரிடம் இருக்கிறது?

ஹெட்செட்டைக் கணினியோடு இணைத்து ஓட்டுவதற்கான மைக்ரோசாஃப்டின் மென்பொருள் தளம், விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி; அதன் கதையை எடுத்துக்கொள்வோம். 2017 முதல் ஏசர், டெல், எச்பி, லெனோவோ, சாம்சங் என்று பல நிறுவனங்கள் அதற்காக ஹெட்செட் செய்து விற்றன. 2020-இல் வந்த எச்பி ரிவெர்ப் ஜி2 அவற்றில் நல்ல கருவி. திரையின் தெளிவுக்காகவே கணினியில் விமானம் ஓட்டிப் பார்க்கும் ஆர்வலர்கள் அதைத் தேடி வாங்கினார்கள். 2023 டிசம்பரில் இந்தத் தளத்தைக் கைவிடப்போவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் அந்த மென்பொருளே இல்லை. கணினியைப் புதுப்பித்தவரின் ஹெட்செட் அன்றோடு வெறும் பிளாஸ்டிக். திரை நன்றாக இருக்கிறது, லென்ஸ் நன்றாக இருக்கிறது, கேபிளில் ஒரு மடிப்புகூட இல்லை, ஆனாலும் குப்பை. பின்னால் ஒரு பொறியாளர் தம் சொந்த முயற்சியில் மாற்று மென்பொருள் எழுதி அவற்றில் பலவற்றுக்கு உயிர் கொடுத்தார் என்பது ஆறுதல்தான். அத்தனை பேருடைய பொருளும் ஒரு தனிமனிதரின் ஓய்வு நேரத்தை நம்பி இருக்க வேண்டியிருந்தது என்பது ஆறுதல் இல்லை.

உலகில் 2022-இல் மட்டும் 6.2 கோடி டன் மின்கழிவு உருவானதாக ஐ.நா. அமைப்புகள் 2024-இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சிக்குப் போனது 22.3 சதவீதம். அந்த மலையில் ஹெட்செட்டுகளின் பங்கு சிறியதுதான். ஆனால் உடைந்தபின் குப்பைக்குப் போகும் பொருளுக்கும், உடையாமலே குப்பைக்கு அனுப்பப்படும் பொருளுக்கும் வித்தியாசம் இருக்கிறது. இரண்டாவது வகைக்கு ஒருவர் பொறுப்பேற்றாக வேண்டும்.

எங்களிடம் ஒரு பழைய ஹெட்செட்டில் பாட்டரி வீங்கிப்போனது. மாற்றலாம் என்று நானே பிரித்தேன். முகத்தில் படியும் நுரைப்பட்டையைக் கழற்றுவது எளிது. அது எப்படியும் வியர்வையில் உதிர ஆரம்பித்திருந்தது. அதற்குப் பின்னால் நட்சத்திரத் தலைத் திருகாணிகள், அப்புறம் ஒளிந்திருக்கும் பிளாஸ்டிக் கொக்கிகள். ஒன்றை நெம்பினால் அடுத்தது முறியும். உள்ளே ஒவ்வொரு கேமராவிலிருந்தும் தாள் போல மெல்லிய பட்டைக் கேபிள் ஒன்று வருகிறது. நகம் பட்டாலே கிழியும். பாட்டரி நேராகப் பசையில் ஒட்டியிருந்தது. வீங்கிய லித்தியம் பாட்டரியை நெம்பி எடுப்பது எவ்வளவு ஆபத்து என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். சூடுகாட்டிப் பசையை இளக்கி, பிளாஸ்டிக் தகட்டைச் செருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். புதிய பாட்டரியைப் பொருத்தியதும் கருவி எழுந்தது. எழுந்த கையோடு, கணக்கில் உள்நுழையச் சொன்னது. அந்த மாதிரிக்கான புதுப்பிப்பை நிறுவனம் ஏற்கெனவே நிறுத்தியிருந்ததால் உள்நுழையும் பக்கம் சுழன்றுகொண்டே இருந்தது. திருகாணியை என்னால் கழற்ற முடிந்தது, அந்தச் சுழலை நிறுத்த முடியவில்லை.

இன்னொரு சேதி, கையேட்டில் பொடி எழுத்தில் இருக்கும். ஹெட்செட்டை ஜன்னல் ஓரம் வைக்காதீர்கள். உள்ளிருக்கும் லென்ஸ்கள் உருப்பெருக்கிகள். வெயில் எதிர்ப்பக்கமாக நுழைந்தால் திரையில் குவிந்து சுட்டுவிடும். மஞ்சளாக ஒரு தழும்பு, போகவே போகாது. லென்ஸை மூட ஒரு துணி உறை போதும். அதைப் பெட்டியிலேயே சேர்த்துக் கொடுப்பதற்கு என்ன தடை என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இப்போது மின்சாரக் கணக்கு. கணினி தேவைப்படாத, தானே இயங்கும் ஹெட்செட்டான மெட்டாவின் குவெஸ்ட் 2-இன் பாட்டரி 14 வாட்-மணி. நாள் தவறாமல் ஓர் ஆண்டு முழுக்கச் சார்ஜ் செய்தாலும் ஐந்தாறு யூனிட்தான் ஆகும். அதே வேலையைக் கணினியோடு இணைத்த ஹெட்செட்டில் செய்தால், 450 வாட் இழுக்கும் ஒரு கிராஃபிக்ஸ் அட்டை மட்டுமே அந்த ஓராண்டு மின்சாரத்தைப் சுமார் பன்னிரண்டு மணி நேரத்தில் தின்றுவிடும். ஆகவே கனமான காட்சிகளைக் கணினியில் ஓட்டுகிறவர்கள் மின்சாரத்தைப் பற்றிக் கவலைப்படுவது நியாயம். தானே இயங்கும் வகையில் கதை வேறு. ஸ்மார்ட்ஃபோன்களைப் போல இதிலும் சுமையின் பெரும்பகுதி சிப், திரை, பாட்டரி ஆகியவற்றைச் செய்யும்போதே ஏறிவிடுகிறது. அதைக் குறைக்க ஒரே வழி கருவியை இன்னும் சில ஆண்டுகள் கூடுதலாக ஓட்டுவது. முதல் குவெஸ்ட் 2019 மே மாதம் வந்தது. 2023 ஜனவரியில் அதற்குப் புதிய வசதிகள் கிடையாது என்று மெட்டா அறிவித்தது. பாதுகாப்புத் திருத்தங்களும் 2024-ஓடு முடிந்தன. முழுதாக ஐந்து ஆண்டு என்று வைத்துக்கொண்டாலும் அது கடைசியாக வாங்கியவருக்கு நான்கு ஆண்டுகூட இல்லை.

விமானப் பயணத்தை மிச்சப்படுத்தும் என்ற வாதம் அடிக்கடி வருகிறது. கண்டம் தாண்டிப் போய்வரும் ஒரு பயணத்தை உண்மையிலேயே தவிர்த்தால் ஹெட்செட்டின் உமிழ்வு தூசுதான். ஆனால் நான் பார்த்த அளவில், ஹெட்செட் மாட்டிக்கொண்டு நடக்கும் கூட்டம் பெரும்பாலும் எந்தப் பயணத்தையும் தவிர்ப்பதில்லை. அது வீடியோ அழைப்பாகவே முடிந்திருக்க வேண்டிய கூட்டம். கணக்கில் விமானத்தைக் காட்டி, நடைமுறையில் வீடியோ அழைப்பை இடம்பெயர்ப்பதற்குப் பெயர் சிக்கனம் அல்ல.

இந்த இடத்தில்தான் விஷயம் சிக்கலாகிறது. கருவி மெலிய வேண்டும் என்று பழைய வளைய லென்ஸ்களை விட்டு ‘பேன்கேக்’ லென்ஸ்களுக்கு மாறினார்கள். அதில் ஒளி ஒரு அரைக்கண்ணாடியை இரண்டு முறை சந்திக்கிறது. ஒருமுறை ஊடுருவும்போது பாதி போகும், மறுமுறை எதிரொளிக்கும்போது மிச்சத்தில் பாதி போகும். எவ்வளவு நன்றாகச் செய்தாலும் கால்பங்கு வெளிச்சத்துக்கு மேல் கண்ணுக்கு வராது. திரையை அதற்கேற்பப் பிரகாசமாக்க வேண்டும். பாட்டரி அதற்கேற்பக் கரையும். இன்னொரு பக்கம் பிக்சல்கள். ஆப்பிளின் விஷன் ப்ரோவில் இரண்டு திரையும் சேர்த்து 2.3 கோடி பிக்சல். அத்தனையையும் நொடிக்குத் தொண்ணூறு முறை முழுத் தெளிவோடு வரைந்தால் எந்தச் சிப்பும் கொதிக்கும்.

நல்லவேளையாக நம் கண் அவ்வளவு கேட்பதில்லை. விழித்திரையின் நடுக்குழி மட்டும்தான் கூர்மையாகப் பார்க்கிறது. அதன் பரப்பு சுமார் இரண்டு பாகை. கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள், அவ்வளவுதான். மற்றதெல்லாம் மங்கல், மூளை இட்டு நிரப்புகிறது. எனவே கண் எங்கே பார்க்கிறது என்று தெரிந்தால், அந்த இடத்தை மட்டும் தெளிவாக வரைந்து மற்ற இடங்களை மேலோட்டமாக வரைந்தால் போதும். பிளேஸ்டேஷன் வி.ஆர். 2 இதை 2023-இலேயே செய்தது. சிப்பின் வேலை குறைகிறது, வெப்பம் குறைகிறது, அதே கருவியில் நாளைய செயலியும் ஓடும். சுற்றுச்சூழல் பக்கம் நிற்பவர்கள் கைதட்ட வேண்டிய உத்தி.

ஆனால் அதற்குக் கண்ணையே நோக்கிய கேமரா வேண்டும். எதை முதலில் பார்த்தீர்கள், எதைப் பார்த்துவிட்டு உடனே விலகினீர்கள், எதைக் கண்டதும் கண்பாவை விரிந்தது என்று எல்லாமே அந்தக் கேமராவில் விழும். வாய் மறைப்பதைக் கண் காட்டிக்கொடுக்கும் என்பது நமக்குப் புதிது அல்ல. ஆய்வாளர்கள் விழி அசைவில் நரம்பு நோய்களின் அறிகுறிகளைக்கூடத் தேடிவருகிறார்கள். மின்சாரத்தைச் சேமிக்கும் அதே உறுப்புதான் மனத்தை உளவு பார்க்கவும் தோது. தனித்தனி அறையில் உட்கார்ந்து பேசினால் இது யாருக்கும் தெரியாது.

தீர்வு இல்லாமல் இல்லை. விஷன் ப்ரோவில் நீங்கள் ஒரு பொத்தானைப் பார்க்கும்போது அது லேசாக ஒளிர்வதை வரைவது இயங்குதளம்; செயலிக்கு அது தெரியாது. விரல்களைச் சேர்த்துத் தட்டிய பிறகுதான் ‘இது தேர்ந்தெடுக்கப்பட்டது’ என்ற ஒரே தகவல் செயலிக்குப் போகிறது. இடையில் கண் எங்கெல்லாம் அலைந்தது என்பது கருவிக்குள்ளேயே முடிந்துபோகும். நல்ல ஏற்பாடு. ஆனாலும் 2024-இல் ஆய்வாளர்கள் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். வீடியோ அழைப்பில் உங்களுக்குப் பதிலாகத் தோன்றும் அவதாரின் கண்கள் உங்கள் கண்களைப் போலவே அசைந்தன. நீங்கள் மெய்நிகர் விசைப்பலகையில் கண்ணால் எழுத்துகளைத் தேர்ந்தெடுக்கும்போது, எதிரில் இருப்பவர் அவதாரின் கண்களைப் பார்த்தே நீங்கள் தட்டச்சு செய்வதை ஊகிக்க முடிந்தது. கேஸ்ப்ளாய்ட் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். தட்டச்சு செய்யும் நேரத்தில் அவதாரை நிறுத்திவைத்து ஆப்பிள் அதைச் சரிசெய்தது. கண்ணின் தரவு கருவியை விட்டு வெளியேறக் கூடாது என்று முன்பே முடிவு செய்திருந்ததால்தான் இவ்வளவு சிறிய திருத்தம் போதுமானதாக இருந்தது. எல்லாத் தரவும் சர்வருக்குப் போகும் அமைப்பில் இதே ஓட்டையை யார் கண்டுபிடிப்பார்கள், எப்படி அடைப்பார்கள்?

கண் கேமரா இல்லாத மலிவான ஹெட்செட்டை வாங்கினால் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு செய்தி. பீட் சேபர் என்ற விளையாட்டில், தாளத்துக்கு ஏற்பக் கட்டைகளை வெட்டும் வீரர்களின் அசைவுப் பதிவுகள் இணையத்தில் கிடைத்தன. 55,541 பேரின் பதிவுகளை எடுத்து, ஆளுக்கு ஐந்து நிமிட அசைவைக் கற்றுக்கொண்ட ஒரு மாதிரியை பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட குழு 2023-இல் சோதித்தது. தலையும் இரண்டு கைகளும் 100 நொடி அசைந்த விதத்தை வைத்து, அத்தனை பேரிலிருந்து குறிப்பிட்ட ஒருவரை 94.33 சதவீதத் துல்லியத்தோடு அடையாளம் காட்டியது. பத்தே நொடியில் 73 சதவீதம். பெயர் இல்லை, முகம் இல்லை, குரல் இல்லை. நடையை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவதாகப் பெருமை அடிக்கும் பெரியவர்களைப் பார்த்திருக்கிறோம். அவர்களுக்கு ஐம்பதாயிரம் பேரைத் தெரியாது.

இங்கே சட்டம் தடுமாறுகிறது. ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆரின் 9-ஆம் பிரிவு, ஒருவரைத் தனித்து அடையாளம் காணும் நோக்கத்தோடு பயன்படுத்தப்படும் உடற்கூற்றுத் தரவுக்குச் சிறப்புப் பாதுகாப்பு தருகிறது. நோக்கத்தோடு என்பதைக் கவனியுங்கள். கட்டையை வெட்ட எடுத்த அசைவு, வெட்டுவதற்கென்றே எடுக்கப்பட்டது. அடையாளம் காண அல்ல. 2008-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் இயற்றிய உடற்கூற்றுத் தகவல் சட்டம் விழித்திரை, கருவிழி, கைரேகை, குரல், கை முக வடிவங்கள் என்று பட்டியலிடுகிறது. கையை வீசும் விதம் அதில் இல்லை. ஹெட்செட்டுக்கோ தலையும் கையும் எங்கே இருக்கின்றன என்று தெரியாமல் ஒரு காட்சியைக்கூட வரைய முடியாது. அதனால் ‘இந்தத் தரவைச் சேகரிக்காதே’ என்று சொல்ல வழியில்லை. ‘கருவிக்குள் வைத்துக்கொள், வெளியே அனுப்பாதே’ என்று சொல்லலாம். அப்படிச் சொல்ல வேண்டுமென்றால், இணையமும் கணக்கும் இல்லாமல் கருவி எழுந்து நிற்க வேண்டும். என் பழைய ஹெட்செட்டைக் கொன்றது எதுவோ, தரவை வெளியே எடுத்துச் செல்வதும் அதே குழாய்தான்.

பிற மனிதர்களோடு கூடும் மெய்நிகர் இடங்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், எரிச்சல் வருகிறது. 2016-இல் கியூவிஆர் என்ற மெய்நிகர் வில் விளையாட்டில் ஒரு பெண்ணின் மெய்நிகர் உடலை இன்னொருவர் தொட்டுத் துன்புறுத்தினார். அந்தப் பெண் அதை எழுதியதும், விளையாட்டைச் செய்தவர்கள் ஒரு கையசைவில் மற்றவர்களை விலக்கிவைக்கும் தற்காப்பு வட்டத்தை உடனே சேர்த்தார்கள். மெட்டா தன் ஹொரைசன் தளங்களில் சுமார் நான்கடி இடைவெளியைக் கட்டாயமாக்கியது 2022 பிப்ரவரியில், அங்கும் ஒரு பெண் புகார் சொன்ன பிறகு. சிறிய குழு அன்றே கற்ற பாடம் பெரிய நிறுவனத்துக்குப் போய்ச் சேர ஐந்து ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது.

உடலையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கு இரு கண்களுக்கும் இடைப்பட்ட தூரம் சராசரியாக 63 மில்லிமீட்டர். குவெஸ்ட் 2-இல் லென்ஸை 58, 63, 68 என்று மூன்றே இடத்தில் நிறுத்த முடியும். பெண்களுக்கு மெய்நிகரில் தலைசுற்றல் அதிகம் என்று வெகுநாள் சொல்லிவந்தார்கள். கே ஸ்டானி என்ற ஆய்வாளரின் குழு 2020-இல் வெளியிட்ட ஆய்வில், இடைவெளி பொருந்தாததுதான் அதற்கு முக்கியக் காரணம் என்று தெரியவந்தது. சரியாகப் பொருந்தியபோது பெண்களின் அனுபவம் ஆண்களுடையதைப் போலவே இருந்தது. குறை கருவியில், பழி உடலின் மேல். 2023-இல் மெட்டா வயது வரம்பைப் பதின்மூன்றிலிருந்து பத்தாகக் குறைத்தபோது, அந்த வயதுக் குழந்தைகள் பலரின் கண் இடைவெளி 58-ஐ எட்டாது என்பதை யாராவது எடுத்துச் சொல்லியிருப்பார்களா?

கருவி போனால் இன்னொன்று வாங்கலாம், இடம் போனால்? ஆல்ட்ஸ்பேஸ்வி.ஆர். என்ற சமூகத் தளத்தை மைக்ரோசாஃப்ட் 2017-இல் வாங்கி, 2023 மார்ச் 10 அன்று மூடியது. அங்கே நகைச்சுவை மேடைகள் இருந்தன, திருமணங்கள் நடந்தன, எல்லாம் கதவடைத்தன. மோசில்லாவின் ஹப்ஸ் என்ற மெய்நிகர் கூடுமிடமும் மூடப்பட்டது, 2024 மே 31-இல். 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் நேரில் நடக்க முடியாமல் போன ஐஇஇஇ வி.ஆர். என்ற மெய்நிகர் ஆய்வாளர்கள் மாநாடு கூடியது அங்கேதான். வித்தியாசம் என்னவென்றால் ஹப்ஸ் திறமூல மென்பொருள். வேண்டியவர்கள் தங்கள் சொந்தச் சர்வரில் நிறுவிக்கொண்டார்கள்; ஹப்ஸ் அறக்கட்டளை என்று ஒன்று உருவாகி மென்பொருளைத் தொடர்ந்து பராமரிக்கிறது. நான் பயிற்சிக் காட்சிகளை ஓப்பன்எக்ஸ்ஆர் தரத்துக்கு மட்டுமே எழுதுவதற்கும் இதுவே காரணம். 2019-இல் குரோனோஸ் குழுமம் வெளியிட்ட அந்தப் பொதுத்தரம் வருவதற்கு முன்னால் ஒவ்வொரு ஹெட்செட்டுக்கும் தனித்தனியே எழுத வேண்டும். கருவி செத்தால் பயிற்சியும் சேர்ந்தே சாகும்.

இப்போதெல்லாம் ஹெட்செட் வாங்குவதற்கு முன் விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்கிறோம். பாட்டரியைச் சாதாரணக் கருவிகளால் மாற்ற முடியுமா, உதிரி கிடைக்குமா? கணக்கும் இணையமும் இல்லாமல் ஓடுமா? ஆதரவை நிறுத்தும் நாளில் பூட்டைத் திறந்து தருவீர்களா? முதல் கேள்விக்கு மழுப்பலாவது வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பாட்டரிச் சட்டப்படி 2027 பிப்ரவரி 18 முதல், கையடக்கக் கருவிகளின் பாட்டரியைப் பயனாளரே கழற்றி மாற்றும்படி செய்தாக வேண்டும் என்பதால் அதற்குப் பிறகு நேரான பதில் வரலாம். இரண்டாவதற்கு ‘நிறுவனப் பதிப்பு’ என்று ஒன்றை நீட்டி ஆண்டுச் சந்தா கேட்பார்கள். உளவு பார்க்காமல் இருப்பதற்குத் தனிக் கட்டணம். மூன்றாவதற்குத் தலைமையகத்தைக் கேட்டுச் சொல்கிறோம் என்பார்கள்.

கடைசியாக வாங்கியபோது ஒரே ஒரு விற்பனையாளர் மட்டும், ஆதரவு நிற்கும்போது இணையமில்லாமல் இயங்கும் இறுதிப் பதிப்பைத் தருவதாக ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்க ஒப்புக்கொண்டார். விலை கூடுதல். அதனால் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டோம். ஆளுக்கொன்று என்பதை விட்டு, துடைக்கத் தோதான சிலிக்கோன் முகப்பட்டை போட்டு, ஒரு கருவியைப் பல பேர் முறைவைத்துப் பயன்படுத்துகிறார்கள். முன்பு பாதிக் கருவிகள் அலமாரியில் கிடந்து, சார்ஜ் முழுதும் இறங்கிப் பாட்டரி செத்துப்போகும். இப்போது அலமாரியில் ஒன்றும் கிடப்பதில்லை; பயிற்சி நேரங்களைக் கொஞ்சம் மாற்றிப் போட்டதில் யாரும் காத்திருக்கவும் நேரவில்லை.